அடுப்பில் பால்... மனசு ஆகாயத்தில்!

அன்று பள்ளிக்கூடம் விட்டது மூன்றரை மணிக்கு. நான் போய்ச் சேர்ந்தபோது மணி ஐந்தேகால். வாட்ச்மேன் பக்கத்தில், புத்தகப் பையை மடியில் வைத்துக்கொண்டு என் ஏழு வயது மகள் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. "மறந்துட்டியாம்மா?" என்று மட்டும் கேட்டாள். அந்தக் கேள்வி இன்னும் நெஞ்சில் முள்ளாய்த் தைக்கிறது.

மறதி எனக்குப் புதிதல்ல. அடுப்பில் பாலை வைத்துவிட்டு மாடிக்குத் துணி எடுக்கப் போவேன். பாதி மடிக்கும்போது கரண்ட் பில் ஞாபகம் வரும். பில்லைத் தேடப் போய், பழைய ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டு நிற்பேன். கீழேயிருந்து தீய்ந்த வாடை வரும்! "பொறுப்பு வேணும்மா, பொறுப்பு!" என்பார் மாமியார். முப்பத்து நாலு வயது வரை நானும் அது என் குற்றம் என்றே நினைத்திருந்தேன்.

அன்றிரவு நான் அழுததைப் பார்த்த என் கணவர், மனநல டாக்டரிடம் அழைத்துப் போனார். ரத்தசோகை, தைராய்டு எல்லாம் பரிசோதித்தார்கள், ஒன்றுமில்லை. டாக்டர் என் பள்ளிக்கூட ரிப்போர்ட் கார்டுகளைக் கேட்டார். அம்மா பத்திரமாக வைத்திருந்தாள். 'கெட்டிக்காரி, ஆனால் கவனம் போதாது' என்று வருஷா வருஷம் டீச்சர்கள் எழுதியிருந்தார்கள்! "இது ஏ.டி.எச்.டி. என்கிற கவனக் குறைபாடு. சின்ன வயசிலேயே ஆரம்பிக்கிறது. பெண்கள் பலர் ஓடியாடிக் குறும்பு செய்யாமல் கனவு கண்டுகொண்டு உட்கார்ந்திருப்பதால், வெளியே தெரிவதில்லை" என்றார்.

முதல் மாத்திரை

முதலில் கொடுத்தது மெத்தில்ஃபெனிடேட். ஊக்க மருந்து வகையைச் சேர்ந்தது. 1944-ல் ஸ்விட்சர்லாந்தில் இதைத் தயாரித்த விஞ்ஞானி, தன் மனைவியின் செல்லப் பெயரான ரீட்டா என்பதை வைத்தே 'ரிட்டலின்' என்று பெயர் சூட்டினாராம். நம் நாட்டில் இது போதை மருந்துச் சட்டத்தின் கட்டுப்பாட்டில் உள்ளது. எல்லாக் கடையிலும் கிடைக்காது.

முதல் நாளே வித்தியாசம் தெரிந்தது. பால் பொங்கும்வரை அடுப்படியிலேயே நின்றேன் என்றால் நம்புவீர்களா? ஆனால் போகப் போக நெஞ்சு படபடத்தது. சாப்பாடு இறங்கவில்லை, மூன்று மாதத்தில் ஐந்து கிலோ இளைத்தேன். சாயங்காலம் மருந்தின் வேகம் இறங்கும் நேரமும், மகள் பள்ளியிலிருந்து வரும் நேரமும் ஒன்றாக அமைந்தன. ஒன்றுமில்லாததற்கெல்லாம் அவள்மேல் எரிந்து விழுந்தேன். யாருக்காக மருந்து சாப்பிட ஆரம்பித்தேனோ, அவளே என்னைக் கண்டு ஒதுங்கினாள்.

அளவைக் குறைத்துப் பார்த்தும் சரிப்படவில்லை. டாக்டர் மருந்தையே மாற்றினார்.

"எனக்கா மனச்சோர்வு?"

புதிய மாத்திரை ப்யூப்ரோபியான். மனச்சோர்வுக்குக் கொடுப்பது என்றதும், "எனக்கென்ன டாக்டர் சோர்வு?" என்றேன். அவர் சிரித்தார். "மூளையில் நார்அட்ரினலின், டோபமின் என்று இரண்டு ரசாயனங்கள். இவை குறையாமல் இந்த மாத்திரை பார்த்துக்கொள்ளும். கவனத்துக்கும் அதே இரண்டுதான் வேண்டும். இது முதல் தேர்வு இல்லை; ஊக்க மருந்து அளவுக்குப் பலன் எதிர்பார்க்கக் கூடாது. ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு யோசித்துக் கொடுப்பது" என்றார்.

அதோடு விடவில்லை. எப்போதாவது வலிப்பு வந்திருக்கிறதா, தலையில் பலமாக அடிபட்டதுண்டா, பட்டினி கிடப்பதோ சாப்பிட்டதை வாந்தியெடுப்பதோ வழக்கமா என்று கேட்டார். காரணம் இருந்தது. 1985-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இந்த மருந்தை, சிலருக்கு வலிப்பு வந்ததால் 1986-ல் நிறுத்திவிட்டு, அளவைக் கட்டுப்படுத்தி 1989-ல்தான் மறுபடி விற்பனைக்கு விட்டார்களாம்.

காலையில் ஒரு மாத்திரை, 150 மில்லி கிராம். மெதுவாகக் கரையும் வகை என்பதால் உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. முதல் இரண்டு வாரம் நாக்கு வறண்டது, தூக்கம் வரவில்லை, தலைவலி வேறு. கவனத்தில் கடுகளவும் மாற்றமில்லை. "இதையும் நிறுத்திடலாமா?" என்று அவரிடம் புலம்பினேன். "டாக்டர் ஆறு வாரம்னு சொன்னாரே, பொறுத்துப் பார்" என்றார்.

ஐந்தாவது வாரம். மகள் வகுப்பில் நடந்த சண்டையை ஆதியோடந்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். முடித்ததும் என்னையே பார்த்தாள். "அம்மா, இன்னிக்கு முழுசா கேட்டியே!" என்றாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

அற்புதம் நடந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். இன்றும் சமையலறைச் சுவரில் காலண்டர், கையில் அலாரம், இடுப்பில் குறிப்பு நோட்டு எல்லாம் உண்டு. ஆனால் படபடப்பு இல்லை, சாயங்காலக் கோபம் இல்லை. ரத்த அழுத்தத்தை மட்டும் அவ்வப்போது பார்த்துக்கொள்கிறேன்.

"பத்து மாத்திரை கொடுங்களேன்!"

போன மாதம் என் நாத்தனார் வந்திருந்தாள். "அண்ணி, எங்க பையனுக்கும் படிப்பிலே கவனமே இல்லே. பரீட்சை வரைக்கும் உங்க மாத்திரையிலே பத்து கொடுங்களேன்" என்றாள். பாசத்தில் கேட்டதுதான். ஆனால் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவனுக்கு ஆறு வயதில் இரண்டு முறை வலிப்பு வந்ததை அவள் மறந்துவிட்டாள். மறதிக்காரியான எனக்கு நல்லவேளையாக ஞாபகம் இருந்தது!

"கோவிச்சுக்காதேம்மா, இதை அவனுக்குக் கொடுத்தா ஆபத்து. டாக்டர்கிட்ட நானே கூட்டிட்டுப் போறேன்" என்றேன். முகம் வாடினாள். மறுவாரம் மூவருமாகப் போனோம். பையனுக்கு முதலில் கண்ணைப் பரிசோதித்தார்கள். கரும்பலகையே சரியாகத் தெரியவில்லையாம்! இப்போது கண்ணாடி போட்டிருக்கிறான்.

சகோதரிகளே, என் உடம்புக்கு ஒத்துக்கொண்ட மருந்து உங்களுக்கும் ஒத்துக்கொள்ளும் என்பதில்லை. தாய்மைக்குத் தயாராகிறவர்களும், பால் கொடுக்கும் தாய்மார்களும் அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இருபத்தைந்து வயதுக்கு உட்பட்டவர்கள் இந்த வகை மாத்திரைகளைத் தொடங்கும்போது, விபரீத எண்ணங்கள் எழுகின்றனவா என்று வீட்டார் கவனிப்பது அவசியம். நீங்களாக ஆரம்பிக்காதீர்கள், நீங்களாக நிறுத்தவும் செய்யாதீர்கள்.

மூன்றரை மணிக்கு அலாரம் அடிக்க வேண்டும். ஆனால் மூன்று மணிக்கே நான் பள்ளிக்கூட வாசலில் நின்றுகொண்டிருக்கிறேன்!