வாடின செடிக்குத் தண்ணி ஊத்தலாமா?

நாமக்கல்லில் எங்கள் வீட்டுச் சன்னலோரம் வைத்திருந்த பெப்பரோமியா செடி போன வருசம் செத்துப்போச்சு. அதற்கு முந்தைய வருசம் வாங்கினதும் அப்படித்தான் போனது. இரண்டு முறையும் ஒரே கதை. ஒருநாள் இலைகள் தொங்க ஆரம்பிக்கும். அம்மா பார்த்துவிட்டு, “பாவம் கண்ணு, வாடிப்போய் நிக்குது. ஒரு சொம்பு தண்ணி ஊத்தறதுக்கென்ன?” என்பார். ஊத்துவேன். மறுநாள் இன்னும் தொங்கும். இன்னொரு சொம்பு. பத்து நாளில் தண்டு அடியோடு கையில் வந்துவிடும்.

அம்மாவைக் குறை சொல்ல முடியாது. மானாவாரிக் காட்டில் கடலையும் சோளமும் போட்ட குடும்பத்தில் வளர்ந்தவர். அங்கே பயிர் வாடினால் ஒரே அர்த்தம்தான்: மழை இல்லை. தண்ணீர் ஊற்றுவதுதான் அவருக்குத் தெரிந்த அன்பு. அந்த அன்பு இந்தச் செடியை ஏன் கொல்கிறது என்று தேடிப் படித்தபோது எழுதி வைத்த குறிப்புகள் இவை.

மிளகுக்குச் சொந்தம்

பெப்பரோமியா மிளகுக் குடும்பத்தைச் சேர்ந்தது. கொல்லிமலையில் சில்வர் ஓக் மரங்களைப் பிடித்து ஏறும் மிளகுக் கொடிக்கும், நாம் போடும் வெற்றிலைக்கும் பங்காளி. ரூயிஸ், பாவோன் என்ற இரண்டு ஸ்பானியத் தாவரவியலாளர்கள் 1794இல் இதற்குப் பெயர் வைத்தார்கள். கிரேக்கத்தில் ‘மிளகு போன்றது’ என்று பொருள். மிளகுக்கான அந்தக் கிரேக்கச் சொல் ‘பெபெரி’. அது வடமொழி ‘பிப்பலி’யிலிருந்து போனது. அதாவது நம்ம திப்பலி.

இதில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. பெரும்பாலானவை மத்திய, தென் அமெரிக்கக் காடுகளைச் சேர்ந்தவை. ஒன்றை நீங்கள் காசு கொடுக்காமலே பார்த்திருப்பீர்கள். பூந்தொட்டி ஓரத்திலும், தண்ணீர் கசியும் சுவரடியிலும் தானாக முளைக்கும். கண்ணாடி மாதிரித் தண்டு, பளபளக்கும் இதய வடிவ இலை, எலிவால் போல மெல்லிய பூங்கதிர். அதுவும் அமெரிக்காவிலிருந்து வந்து இங்கே தங்கிவிட்ட பெப்பரோமியாதான்.

கடையில் விற்கும் ரகங்களில் பல, சொந்த ஊரில் மண்ணில் வளர்வதே இல்லை. மரக்கிளை மேல், பாசியிலும் மட்கிய பட்டையிலும் ஒட்டிக்கொண்டு வாழ்கின்றன. மழை பெய்தால் நனையும், தண்ணீர் உடனே வழிந்துவிடும், காற்று காயவைத்துவிடும். அடுத்த மழைவரை தாக்குப்பிடிக்க இலையிலேயே சேமிப்பு இருக்கிறது. தடித்த இலை ஒன்றைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். மேல்தோலுக்கு அடியில் நிறமில்லாத ஒரு பட்டை தெரியும். அதுதான் தண்ணீர்க் கிடங்கு. வேர்கள் மெல்லியவை, கொஞ்சமானவை. அவற்றுக்குத் தண்ணீர் எவ்வளவு முக்கியமோ, காற்றும் அவ்வளவு முக்கியம்.

இரண்டு வாடல்

வேர் தண்ணீரை உறிஞ்ச அதற்கு ஆக்சிஜன் வேண்டும். தொட்டி மண்ணின் இடுக்குகள் எல்லாம் தண்ணீரால் நிரம்பிவிட்டால், ஆக்சிஜன் காற்றில் நகர்வதைவிடப் பத்தாயிரம் மடங்கு மெதுவாகத்தான் வேருக்குப் போய்ச் சேரும். முதலில் வேர்நுனிகள் சாகும். பிறகு அழுகல் பரவும். செத்த வேரால் தண்ணீர் இழுக்க முடியாது. தொட்டி நிறையத் தண்ணீர் இருக்கும், இலை வறண்டு தொங்கும். நம் கண்ணுக்கு அது தாகமாகத் தெரியும். இன்னும் ஊற்றுவோம். என் இரண்டு செடிகளும் போனது இப்படித்தான்.

ஆகவே இலை தொங்கினால் சொம்பை எடுக்குமுன் தொட்டியைத் தூக்கிப் பாருங்கள். இலேசாக இருந்து, இலை மெலிந்து துவண்டு, தண்டு மட்டும் உறுதியாக நின்றால், அது உண்மையான தாகம். தண்ணீர் கொடுத்தால் ஒரு நாளில் நிமிர்ந்துவிடும். தொட்டி கனமாக இருந்து, இலை மஞ்சளாகி உதிர்ந்து, தண்டின் அடி கறுத்துக் கொழகொழவென்று இருந்தால் அது அழுகல். அப்போது ஒரு சொட்டுக்கூடக் கூடாது.

எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று கணக்கு வைப்பதில் பயனில்லை. மேல்பாதி மண் காய்ந்திருக்கிறதா என்று விரல் விட்டுப் பார்த்து, அடித்துளை வழியே வழியும்வரை ஊற்றி, கீழ்த்தட்டில் தேங்கியதைக் கொட்டிவிட வேண்டும். எங்கள் வீட்டில் சித்திரையில் ஐந்தாறு நாளுக்கு ஒருமுறை ஆகிறது. ஐப்பசி அடைமழையில் பதினைந்து நாள்கூடப் போகிறது.

வெளிச்சத்துக்கும் இதில் பங்கு உண்டு. உச்சி வெயில் ஒரு லட்சம் லக்ஸ் என்றால், இரவில் விளக்கு போட்ட கூடத்தில் சில நூறு லக்ஸ்தான் இருக்கும். நம் கண் பழகிக்கொள்வதால் வித்தியாசம் தெரிவதில்லை. இருட்டு மூலையில் இருக்கும் செடி குறைவாகத்தான் தண்ணீர் குடிக்கும். அங்கே தொட்டி காயவே காயாது. பகலில் செடி இருக்கும் இடத்தில் கையை நீட்டுங்கள். மங்கலாகவாவது நிழல் விழுந்தால் அந்த இடம் சரி. மேற்குச் சன்னலின் மாலை வெயில் மட்டும் வேண்டாம். நம்மூர்க் கோடையில் இலை கருகிவிடும்.

நம்மூர்ச் சங்கதிகள்

முட்டை ஊர் என்பதால் கோழி எரு நமக்குச் சுலபமாகக் கிடைக்கும். எந்தச் செடி வாங்கினாலும் ஒரு கை போடச் சொல்வார்கள். இதற்குப் போடாதீர்கள். மட்காத கோழி எருவில் அமோனியாவும் உப்பும் அதிகம்; மெல்லிய வேர் கருகிப்போகும். முட்டை ஓட்டுத் தூளும் தேவையில்லை. அதில் இருப்பது சுண்ணாம்பு, அதை நம் போர் தண்ணியே தாராளமாகக் கொடுக்கிறது.

அந்த உப்புத் தண்ணி தனிப் பிரச்சனை. தண்ணீர் ஆவியாகும், உப்பு தொட்டியிலேயே தங்கும். மண் மேலும் தொட்டி விளிம்பிலும் வெள்ளையாகப் படிவது அதுதான். நல்ல தண்ணி, மழைத் தண்ணி, ஏசியிலிருந்து சொட்டும் தண்ணி, எது கிடைத்தாலும் சரி. வேறு வழியில்லை என்றால் மாதம் ஒருமுறையாவது நல்ல தண்ணியை நிறைய ஊற்றி அடிவழியே ஓடவிட்டு உப்பைக் கழுவிவிடுங்கள்.

தோட்டத்து மண் தொட்டிக்குள் இறுகிவிடும். நான் போடும் கலவை: தென்னை நார்க்கழிவு இரண்டு பங்கு, பொடித்த செங்கல் ஒரு பங்கு, அடுப்புக்கரித் துண்டு ஒரு பங்கு. நார்க்கழிவிலும் உப்பு இருக்கும் என்பதால் முதலில் இரண்டு மூன்று முறை அலசிக்கொள்வேன்.

ஒரு இலை

இரண்டாவது செடி அழுகினபோது, தூக்கிப் போடுமுன் நல்ல இலைகள் இரண்டைக் காம்போடு கிள்ளி, ஈரக் கலவையில் காம்பு புதைய நட்டு வைத்தேன். (மஞ்சள், வெள்ளை ஓரம் போட்ட ரகங்களில் இலையிலிருந்து வரும் கன்று வெறும் பச்சையாகிவிடலாம், அவற்றுக்குத் தண்டுத் துண்டுதான் நல்லது.) ஒரு இலை அழுகிவிட்டது. இன்னொன்றின் காம்படியில் இரண்டு மாதம் கழித்து, கடுகு அளவில் ஒரு பச்சைப் புள்ளி தெரிந்தது.

இப்போது அதில் ஒன்பது இலை. தினமும் காலையில் அம்மா அந்தத் தொட்டியை ஒரு கையால் தூக்கி எடை பார்க்கிறார். சொம்பு இன்னொரு கையில் இருக்கிறது.

“இன்னைக்கு வேண்டாம் கண்ணு, கனமாத்தான் இருக்குது” என்று சொல்லி, அந்தத் தண்ணியை வாசல் செம்பருத்திக்கு ஊற்றிவிட்டு வருகிறார்.