புள்ளியும் போதனையும்

குருநாகலிலிருந்து தம்புள்ளைக்குச் செல்லும் பெருஞ்சாலையில் அமைந்துள்ள கலேவெல, பெரிய வெங்காயச் செய்கைக்குப் பேர்போன பிரதேசம். பகலெல்லாம் பாடசாலையில் கற்பிக்கும் ஆசிரியரோ, கடையில் கணக்கெழுதும் இளைஞரோ இவ்வூரை விட்டகலாமலே உயர்கல்வியைத் தொடர விரும்பினால், அவருக்கு வழிகாட்டி நிற்பது தொலைக்கல்வியும் அதன் புதிய வடிவமான இணையவழிக் கற்கையுமேயாகும். ஆசிரியரின் முகத்தைக் காண்பதே அரிதான அத்தகைய கற்கையில், புள்ளி எவ்வாறு நிர்ணயிக்கப்படுகிறது என்பது ஒவ்வொரு மாணவரும் முதல் நாளிலேயே அறிந்துகொள்ள வேண்டிய விஷயம்.

நேரிற் சென்று கற்காமலே பட்டம் பெறும் முறை நமக்குப் புதியதன்று. லண்டன் பல்கலைக்கழகம் 1858 இல் தன் பரீட்சைகளை வெளிவாரி மாணவர்க்குத் திறந்துவிட்டது. 1921 இல் கொழும்பில் தோன்றிய பல்கலைக்கழகக் கல்லூரியின் மாணவர்களும் லண்டன் பரீட்சைகளுக்கே தோற்றினர். மாணவர் எவ்வாறு கற்றார் என்று வினவாது, பரீட்சை மண்டபத்தில் எழுதியதை மட்டும் மதிப்பிடுவதே வெளிவாரி முறையின் தத்துவம். 1980 இல் நிறுவப்பெற்ற இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம், மாணவர் கற்கும் காலம் முழுவதையும் மதிப்பீட்டுக்குரியதாக்கியது. ஒப்படைகளும் இடைத் தேர்வுகளும் சேர்ந்த தொடர் மதிப்பீட்டில் வேண்டிய அளவு புள்ளி பெற்றவரே அங்கு இறுதிப் பரீட்சைக்குத் தோற்றும் தகுதியை அடைவார்.

தொடர் மதிப்பீட்டின் பயனை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். பங்கீடு பாடத்துக்குப் பாடம் வேறுபடுமாயினும், தொடர் மதிப்பீட்டுக்கு 40, இறுதிப் பரீட்சைக்கு 60 என்று ஒரு பாடத்தில் வகுத்திருப்பதாகக் கொள்வோம். பரீட்சையில் இரு மாணவர்கள் தலா நூற்றுக்கு 45 பெறுகின்றனர். ஆனால் தொடர் மதிப்பீட்டில் ஒருவர் நூற்றுக்கு 75, மற்றவர் 40. முதலாமவரின் மொத்தம் 57, மற்றவருடையதோ 43. பரீட்சையன்று சமமாய் நின்ற இருவரைப் பதினான்கு புள்ளிகளால் பிரித்தது, முந்திய மாதங்களின் பிரயாசையே.

புள்ளி தரமாக மாறும்போதும் ஒரு நுட்பம் உண்டு. ஆறு கிரெடிட் பாடத்தில் ‘ஏ’ தரமும் (4.00) மூன்று கிரெடிட் பாடத்தில் ‘சி’ தரமும் (2.00) பெற்றவரின் தரப் புள்ளிச் சராசரி (ஜீ.பீ.ஏ.) 3.00 அன்று, 3.33 ஆகும்; பாரமான பாடத்துக்குப் பாரமும் மிகுதி என்பதே காரணம்.

தொடர் மதிப்பீட்டில் சலுகைக்கும் இடமுண்டு. இந்தியாவின் இணையவழிக் கற்கைத் திட்டமான என்.பி.டி.இ.எல்., பன்னிரண்டு வாரக் கற்கைகளில், வாராந்த ஒப்படைகளுள் சிறந்த எட்டின் சராசரிக்கு 25 புள்ளியும், நேரிற் சென்றெழுதும் பரீட்சைக்கு 75 புள்ளியும் ஒதுக்கும் முறையைக் கைக்கொண்டது. நான்கு வாரத் தவறுதல்களை மன்னிக்கும் அவ்விதி எனக்கு மிக உவப்பானது. அறுவடைக் காலத்து வேலையும், வீட்டில் வந்த நோயும், மழையிரவில் அறுந்துபோகும் இணையத் தொடர்பும் ஊர்ப்புறத்து மாணவரின் ஊக்கக் குறைவுக்குச் சான்றாகா என்பதை அது உணர்ந்திருக்கிறது. 2020 இல் கொரோனா பரவியபோது, இலங்கையில் லேர்ன் என்னும் கல்வி, ஆய்வு வலையமைப்பின் வழியாகப் பல்கலைக்கழகங்களின் கற்றல் தளங்களை டேட்டாக் கட்டணமின்றி அணுக வழிசெய்யப்பட்டதும் இத்தகைய நீதியுணர்வின் பாற்பட்டதே.

எனினும் என் முதன்மையான அபிப்பிராயம் வேறொன்று. சரியான விடையைத் தெரிவுசெய்யும் வினாக்களைக் கணினி ஒரு கணத்தில் திருத்திவிடும். ஒரு கட்டுரையின் வாதம் எவ்விடத்தில் தளர்ந்தது என்பதைச் சுட்டிக்காட்ட, ஊன்றிப் படித்த ஒரு மனிதர் வேண்டும். வகுப்பறையில் ஆசிரியரின் முகக்குறிப்பே மாணவருக்குப் பலவற்றை உணர்த்திவிடும். கலேவெலயில் இரவு பத்து மணிக்குக் கைத்தொலைபேசியில் புள்ளியைப் பார்க்கும் மாணவருக்கோ, திருத்தியவர் எழுதும் இரண்டு வரிக் குறிப்பே ஆசிரியரின் சந்நிதானம். “52” என்ற இலக்கம் மட்டும் வந்தால் அது வெறும் தீர்ப்பு. “மூன்றாம் பந்தியிலுள்ள முடிவுக்கு ஆதாரம் தரவில்லை” என்ற வாக்கியமும் உடன் வந்தால் அது போதனை.

ஆதலால், மதிப்பீட்டு விதியைக் கற்கை தொடங்குமுன் அவரவர் மொழியில் தெளிவாக அறிவிப்பதும், அடுத்த ஒப்படைக்கு முன்னரே முந்தியதைக் குறிப்புடன் திருப்பித் தருவதும் நிறுவனங்களின் கடமை. புள்ளியை மட்டும் பார்த்து மகிழ்ந்தோ வருந்தியோ நின்றுவிடாமல், அக்குறிப்பைப் படித்து, விளங்காதவிடத்து ஐயந்தீரக் கேட்டறிவது மாணவரின் கடமை. இவ்விரண்டும் கூடினால், ஊரைவிட்டு நீங்காமற் பெறும் கல்வி எந்தக் கல்விக்கும் குறைந்ததாகாது.