சாயம் போச்சு, உப்பு போகலையே!

பென்னலூர் பக்கம் குடியிருக்கிறவங்களுக்குச் சாயத்தண்ணீர் என்றால் திருப்பூர்தான் ஞாபகம் வரும். இங்கே சுற்றிலும் கார், செல்போன் கம்பெனிகள். பட்டுக்குச் சாயம் போடுவதைப் பார்க்கக் காஞ்சிபுரம் போகணும். ஆனாலும் உங்கள் தெருக் கால்வாயில் ஒரு நாள் தண்ணீர் நீலமாக ஓடினால் என்ன செய்வீங்க?

வெயிலை வைத்தே சாயத்தை அழிக்கலாம் என்று படித்திருப்பீர்கள். உண்மைதான். டைட்டானியம் டை ஆக்சைடு என்பது சுவர் பெயின்டிலும் சன்ஸ்கிரீனிலும் இருக்கிற வெள்ளைப் பொடி. இதில் புற ஊதா ஒளி பட்டால் உள்ளே இருக்கும் எலக்ட்ரான்கள் கிளம்பும். அதனால் தண்ணீரிலும் ஆக்சிஜனிலும் இருந்து ஹைட்ராக்சில் ரேடிக்கல் என்ற வேகமான துகள்கள் பிறந்து, சாய மூலக்கூறைத் துண்டு துண்டாக உடைக்கும். பொடி மட்டும் செலவாகாது. அதனால்தான் அதை வினையூக்கி என்கிறோம். இதே பொருளில் ஒளியைப் பாய்ச்சித் தண்ணீரைப் பிரிக்கலாம் என்று ஜப்பானின் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் 1972-ல் எழுதிய கட்டுரைதான் இந்தத் துறைக்கே பெரிய தூண்டுதல்.

கல்லூரி லேப் பீக்கரில் மெத்திலீன் நீலம் வெளுத்துப்போவது பார்க்க அழகாத்தான் இருக்கும். பட்டறைத் தொட்டி வேற கதை. வெயிலில் புற ஊதா ஒளி சுமார் 5 சதவீதம்தான். அடர்ந்த சாயத்துக்குள் அதுவும் ஆழமாக இறங்காது. வேலை முடிந்ததும் பொடியை வடிகட்டி எடுக்கணும். நிறம் போன பிறகும் பாதி உடைந்த துண்டுகள் மிச்சமிருக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலே, துணியில் சாயம் ஏறக் கொட்டுகிற உப்பை ஒளி தொடவே தொடாது.

நொய்யலில் விவசாயிகளை வதைத்தது அந்த உப்புதான். பாசனத்துக்காகக் கட்டி 1992-ல் பயன்பாட்டுக்கு வந்த ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கியது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாய ஆலைகளை மூட உத்தரவிட்டது. ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடாத முறைக்கு மாறிய பிறகே அவை மீண்டும் ஓடின. அங்கே உப்பைப் பிரிப்பது சவ்வு வடிகட்டியும் ஆவியாக்கும் கொதிகலனும். ஒளி வினையூக்கி அதற்கு முன்னால் வரும் ஒரு கைத்துணையாக இருக்கலாம், அவ்வளவுதான்.

அதனால் கால்வாயில் நிறம் தெரிந்தால் தண்ணீரில் கை வைக்காமல், போனில் லொகேஷனை ஆன் செய்து போட்டோ எடுங்க. தேதி, நேரத்தோடு முதல்வரின் உதவி மைய எண் 1100-க்கோ, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கோ புகார் கொடுங்க. மனு எண்ணைக் குறித்து வைக்க மறக்காதீங்க.

நிறமே இல்லை, ஆனால் போர் தண்ணீர் உப்புக் கரிக்கிறதா? குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டிப் பரிசோதிக்கலாம். அறிக்கையில் டிடிஎஸ் என்ற வரியைப் பாருங்க. குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது. வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 2,000 வரை அனுமதி.