துரத்தினால் தள்ளிப்போகும்

1965 ஜூன் 3. அமெரிக்காவின் ஜெமினி 4 விண்கலம் பூமியைச் சுற்றத் தொடங்கியிருந்தது. தலைமை விமானி ஜேம்ஸ் மெக்டிவிட்டுக்கு ஒரு வேலை காத்திருந்தது. கலத்தை மேலே ஏற்றிவிட்டுத் தனியே சுற்றிக்கொண்டிருந்த டைட்டன் ராக்கெட்டின் இரண்டாம் அடுக்கை நெருங்கி, அதன் பக்கத்திலேயே பறந்து காட்ட வேண்டும். அடுக்கு கண்ணுக்கு எட்டிய தூரத்தில்தான் இருந்தது. மெக்டிவிட் கொரியப் போரில் ஜெட் ஓட்டியவர். கலத்தின் மூக்கை இலக்கை நோக்கித் திருப்பி உந்துபொறியை இயக்கினார். இலக்கு விலகிப்போனது. மறுபடி இயக்கினார். மறுபடியும் விலகியது. எரிபொருள் கரைந்ததுதான் மிச்சம். முயற்சியைக் கைவிட வேண்டியதாயிற்று.

விமானியிடம் குறையில்லை; குறை வழியில் இருந்தது. நெடுஞ்சாலையில் முன்னே போகும் பஸ்ஸைப் பிடிக்க ஆக்சிலரேட்டரை மிதித்தால் போதும். சுற்றுப்பாதையில் அந்தக் கணக்கு செல்லாது.

காரணம் பிளஸ் ஒன் மாணவர்கள் படிக்கும் ஈர்ப்பியல் பாடத்திலேயே இருக்கிறது. வட்டமாகச் சுற்றும் எந்தப் பொருளுக்கும் மையத்தை நோக்கி இழுக்கும் விசை ஒன்று வேண்டும். செயற்கைக்கோளுக்கு அந்த மையநோக்கு விசையைத் தருவது பூமியின் ஈர்ப்புப் புலம். விண்வெளி நிலையம் பறக்கும் 400 கி.மீ. உயரத்திலும் புலம் ஒன்றும் மங்கிவிடுவதில்லை. தரையில் இருப்பதில் கிட்டத்தட்ட 89 சதவீதம் அங்கும் இருக்கிறது. தேவைப்படும் மையநோக்கு விசையையும் ஈர்ப்பு விசையையும் சமன்படுத்திப் பார்த்தால் செயற்கைக்கோளின் நிறை அடிபட்டுப் போய்விடும். மிஞ்சுவது பூமியின் நிறையும், மையத்திலிருந்து உள்ள தூரமும்தான். ஆக, உயரத்தைச் சொல்லிவிட்டால் வட்டப்பாதையின் வேகத்தையும் சொல்லிவிடலாம். விமானி விரும்பும் வேகத்தில் அதே வட்டத்தில் ஓட்ட முடியாது.

தூரம் கூடக்கூட வேகம் குறையும். 400 கி.மீ. உயரத்தில் நொடிக்கு 7.67 கி.மீ.; ஒரு சுற்றுக்கு 92 நிமிடம். டிவி சேனல்களைத் தரும் செயற்கைக்கோள்கள் நிற்பதுபோலத் தோன்றும் 35,786 கி.மீ. உயரத்தில் நொடிக்கு 3.07 கி.மீ.தான். 3,84,400 கி.மீ. தொலைவில் இருக்கும் நிலா நொடிக்கு ஒரு கிலோமீட்டர் சொச்சம் நகர்ந்து, 27 நாட்களுக்கு மேல் எடுத்துக்கொள்கிறது.

மெக்டிவிட்டுக்கு நேர்ந்தது இப்போது விளங்கும். முன்னோக்கி உந்தியதும் அவரது கலம் கொஞ்சம் மேலே ஏறியது. ஏறிய பாதை பெரியது, அதில் சராசரி வேகமும் குறைவு. சுற்றி வர அதிக நேரம் பிடித்தது. கீழே இருந்த அடுக்கோ தன் சிறிய பாதையில் முந்திக்கொண்டு போனது.

இதே விதி இன்னொரு விசித்திரத்தையும் செய்கிறது. தாழ்வாகப் பறக்கும் செயற்கைக்கோளை மெல்லிய காற்று உரசிக்கொண்டே இருக்கும். உரசினால் வேகம் குறையும் என்றுதான் யாரும் நினைப்பார்கள், உண்மையில் கூடும்! உரசலில் ஆற்றல் இழக்கும் செயற்கைக்கோள் கீழே இறங்குகிறது. இறக்கத்தில் இழக்கும் நிலை ஆற்றலில் சரிபாதி வெப்பமாகப் போகிறது, மறுபாதி இயக்க ஆற்றலாகிறது. காற்று பிரேக் போடப் போட அது விரைந்தோடுகிறது.

அப்படியானால் முன்னால் போகிறவரைப் பிடிப்பது எப்படி? வேகத்தைக் குறைத்துக் கீழே இறங்க வேண்டும். சிறிய பாதையில் முந்திச் சென்று, சரியான இடத்தில் மறுபடி மேலே ஏற வேண்டும். இந்தக் கணக்கைத்தான் பஸ் ஆல்ட்ரின் 1963-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் தன் முனைவர் பட்ட ஆய்வாகச் சமர்ப்பித்தார். பின்னாளில் நிலவில் இரண்டாவதாகக் கால் வைத்தவர் அவர். மெக்டிவிட் திணறிய அதே ஆண்டு டிசம்பர் 15-ல் ஜெமினி 6 கலம் வேண்டுமென்றே தாழ்வான பாதையில் ஏவப்பட்டது. ஏறத்தாழ ஆறு மணி நேரத்தில், முன்னே சுற்றிக்கொண்டிருந்த ஜெமினி 7-ஐ அது எட்டிப் பிடித்தது. இரண்டுக்கும் இடைவெளி ஒரு கட்டத்தில் சுமார் 30 செ.மீ.தான்.

இந்தியா இந்தப் பாடத்தைச் செய்து பார்த்தது, இரண்டு செயற்கைக்கோள்களை விண்ணில் இணைக்கும் ஸ்பேடெக்ஸ் திட்டத்தில். 2024 டிசம்பர் 30 இரவு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி.-சி60 ராக்கெட், தலா 220 கிலோ எடையுள்ள இரண்டு செயற்கைக்கோள்களை 475 கி.மீ. உயரத்தில் விட்டது. ஒன்று துரத்துவது, மற்றொன்று இலக்கு. ராக்கெட்டிலிருந்து பிரியும்போதே இரண்டுக்கும் துளி வேக வித்தியாசம் கொடுத்து, முதலில் கிலோமீட்டர் கணக்கில் விலக விட்டார்கள். பிறகு படிப்படியாக 5 கி.மீ., 1.5 கி.மீ., 500 மீட்டர், 225 மீட்டர் என்று நெருக்கத் திட்டம். நடுவில் எதிர்பார்த்ததைவிட அதிகமாக நகர்ந்ததால் இணைப்பு தள்ளிப்போடப்பட்டது. ஜனவரி 12-ல் 3 மீட்டர் வரை நெருங்கி, சோதித்துவிட்டுப் பின்வாங்கினார்கள். 2025 ஜனவரி 16-ல் இரண்டும் இணைந்தன. அமெரிக்கா, ரஷ்யா, சீனாவுக்குப் பிறகு இதைச் செய்த நான்காவது நாடு இந்தியா. நொடிக்கு 7.6 கி.மீ. வேகத்தில் பாய்ந்துகொண்டிருந்த இரண்டு பெட்டிகள், ஒன்றையொன்று தொடும்போது நொடிக்குச் சுமார் 10 மில்லிமீட்டர் வேகத்தில் ஊர்ந்துதான் சேர வேண்டும்.

ஏன் இத்தனை நிதானம்? ஒரு கணக்கு போதும். ஒரு செயற்கைக்கோள் இன்னொன்றைவிட வெறும் 1 கி.மீ. தாழ்ந்து வட்டமாகச் சுற்றினால், ஒரே சுற்றில் 9.4 கி.மீ. முந்திவிடும். 10 கி.மீ. தாழ்ந்தால் 94 கி.மீ. கையளவு உயரப் பிழையும் சுற்றுக்குச் சுற்று ஏறத்தாழ பத்து மடங்கு தூரமாகச் சேர்ந்துகொண்டே போகும்.

நிலவிலிருந்து மண்ணை எடுத்துவர 2024 செப்டம்பரில் அனுமதி பெற்ற சந்திரயான்-4 திட்டத்தில், இந்த இணைப்பு வேலையை நிலவைச் சுற்றியபடியே செய்ய வேண்டும். நிலவின் நிறை பூமியின் நிறையில் 81-ல் ஒரு பங்கு. அங்கே 100 கி.மீ. உயரத்தில் சுற்றும் கலத்தின் வேகம் நொடிக்கு 1.63 கி.மீ.; ஒரு சுற்றுக்கு 118 நிமிடம். ஆனால் பாதையின் ஆரத்தையும் சுற்றும் காலத்தையும் இணைக்கும் கெப்ளரின் மூன்றாம் விதியைப் போட்டுப் பார்த்தால், ஒரு சுற்றில் முந்தும் தூரத்தில் கோளின் நிறையும் பாதையின் ஆரமும் காணாமல் போய்விடுகின்றன. உயர வித்தியாசத்தை மூன்று பையால் (3π) பெருக்கினால் விடை. அதனால் அங்கேயும் 1 கி.மீ. தாழ்ந்தால், அதே 9.4 கி.மீ. முன்னால் போகலாம்.