கைத்தொலைபேசித் தளமாற்றமும் மலையகத்தாரும்

பழக்கம் அறிவினும் முந்தியது. ஹற்றன், நுவரெலியாப் பகுதிகளின் தேயிலை மலைகளிலே பல்லாண்டு கொழுந்து பறித்த ஒருத்தியின் விரல்கள், கொய்யத்தக்க தளிர் எதுவென்பதைக் கண் தேர்ந்து காட்டுமுன்பே கொய்துவிடுகின்றன. அவ்விரல்களுக்கு அத்தொழிலைக் கற்பித்தது எந்நூலுமன்று. நாள்தோறும் செய்த செயலே. அதே கை, நெடுநாள் வழங்கிய கைத்தொலைபேசியை வைத்துவிட்டு வேறொரு தளத்தில் இயங்கும் கைத்தொலைபேசியை எடுக்குமாயின், முதல் நாளிலே தடுமாறுகின்றது. தெரிந்த வேலை தெரியாத வேலையாகின்றது. "இது நமக்கு ஒத்து வராது" என்னும் தீர்ப்பும் உடனே பிறக்கின்றது. இத்தடுமாற்றம் கருவியின் குறையா, அன்றிக் கையின் பழக்கமா? தளம் மாறுவோர் உண்மையில் இழப்பன எவை, இழவாதன எவை? இவ்வினாக்களை மலையக வாழ்வோடு பொருத்தி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தளம் எனப்படுவது யாதெனின், கைத்தொலைபேசியின் உறுப்புகளையெல்லாம் ஆண்டு நடத்தும் அடிப்படைச் செய்நிரலேயாம். செயலிகள் அனைத்தும் அதன்மேல் நின்றே இயங்குகின்றன. ஒரு தளத்துக்கென ஆக்கப்பட்ட செயலி மற்றொரு தளத்தில் இயங்குவதில்லை. இன்று உலகில் வழங்கும் திறன்பேசிகள் ஏறத்தாழ அனைத்தும் இரண்டு தளங்களுள் அடங்கும். அப்பிள் நிறுவனத்தின் ஐபோன் 2007ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் விற்பனைக்கு வந்தது. அதன் தளம் ஐ.ஓ.எஸ். எனப்படும். கூகிள் நிறுவனம் 2005இல் விலைக்கு வாங்கி வளர்த்த அன்ட்ரொயிட் தளத்தையுடைய முதற் கைத்தொலைபேசி 2008 ஒக்டோபரில் வெளிவந்தது. ஐ.ஓ.எஸ். அப்பிளின் கருவிகளில் மட்டுமே உண்டு. அன்ட்ரொயிட்டையோ பல நிறுவனங்கள் தத்தம் கருவிகளில் அமைத்து விற்கின்றன. ஆதலின் குறைந்த விலைக் கைத்தொலைபேசிகள் பெரும்பாலும் அன்ட்ரொயிட் தளத்தையே உடையன.

தளமாற்றம் எப்போதும் விரும்பிச் செய்யப்படுவதன்று என்பதும் இங்குக் கருதத்தக்கது. ஒருகாலத்தில் நொக்கியாக் கருவிகளில் ஓங்கியிருந்த சிம்பியன் தளத்தை விடுத்து, மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் விண்டோஸ் தளத்தை மேற்கொள்வதாக நொக்கியா 2011 பெப்ரவரியில் அறிவித்தது. அப்புதிய தளமும் நிலைபெறவில்லை. 2019 டிசம்பர் 31ஆம் திகதியோடு வட்ஸ்அப் அதனைக் கைவிட்டது. பிளக்பெரியின் பழைய தளத்துக்குரிய சேவைகள் 2022 ஜனவரி 4ஆம் திகதி நிறுத்தப்பட்டன. தளம் மறைந்தால், அதில் வாழ்ந்தவர் இடம் பெயர்ந்தேயாக வேண்டும்.

மலையகத்திலோ தளமாற்றத்துக்கு வேறொரு காரணமும் உண்டு. தோட்டத்தொழிலாளருக்குக் குறைந்தபட்ச நாட்சம்பளமாக 2024 செப்டெம்பரில் அறிவிக்கப்பட்ட தொகை 1,350 ரூபா. அவ்வீதப்படி, 35,000 ரூபா விலையுள்ள ஒரு கைத்தொலைபேசி 26 நாள் உழைப்புக்கு ஒப்பாகும். ஆதலின் லயத்து வீடுகளிற் பலவற்றில் கருவியைத் தெரிவு செய்பவர் அதனை வழங்குபவர் அல்லர். கொழும்பிலே வேலை செய்யும் மகன் புதியதொன்றை வாங்கியபின் தன் பழைய ஐபோனைத் தாய்க்குக் கொடுக்கிறான். மத்திய கிழக்குக்குச் சென்ற மகள் அங்கு வாங்கியதைத் தம்பிக்கு அனுப்புகிறாள். தளத்தைப் பற்றிய ஆய்வு எதுவுமின்றியே வீட்டின் தளம் மாறிவிடுகின்றது. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது, பாடங்கள் வட்ஸ்அப் வழியே வந்ததையும், அலைவரிசை கிடைக்கும் மேட்டு நிலத்தைத் தேடித் தோட்டத்துப் பிள்ளைகள் மலையேறியதையும் நினைவுகூர்வோர், இக்கருவி இங்கே வெறும் பொழுதுபோக்குப் பொருள் அன்று என்பதை அறிவர்.

முதற்பார்வையில் தோன்றும் வேறுபாடுகள் பெரும்பாலும் கையைப் பற்றியனவே. அன்ட்ரொயிட் கருவிகளில் முந்திய பக்கத்துக்குத் திரும்பத் திரையின் அடியிலே ஒரு குறி நெடுங்காலம் இருந்து வந்தது. 2019இல் வந்த பத்தாம் பதிப்பு முதலாகத் திரையோரத்தை விரலால் நீவித் திரும்பும் முறையும் அதில் இடம்பெற்றது. ஐபோனில் அத்தகைய பொதுக்குறி இல்லை. பெரும்பாலான செயலிகளில் இடப்பக்க ஓரத்திலிருந்து நீவுதலோ, மேல் மூலையிலுள்ள அம்புக்குறியைத் தொடுதலோ வேண்டும். ஆதலின் புதிதாக மாறியவரின் பெருவிரல், இல்லாத குறியை நாடித் திரையின் அடியையே தொட்டுக்கொண்டிருக்கும். இதனைக் குறை என்று கூறுதல் பொருந்தாது. இரண்டொரு கிழமையில் விரல் புதுவழியைக் கற்றுக்கொள்கின்றது. அதன்பின் பழைய கருவியே அன்னியமாகத் தோன்றுகின்றது.

ஆயினும் கையைப் பற்றிய வேறுபாடுகள் அனைத்தும் வெறும் பழக்கமே என்று ஒதுக்கவும் இயலாது. கைரேகையைக் கண்டு திறக்கும் கருவி, ரேகை தெளிவாக இருத்தலை வேண்டுகின்றது. நாளெல்லாம் கொழுந்து பறித்துக் காய்த்துத் தேய்ந்த விரல்களின் ரேகையை அது கண்டறியத் தவறுதல் உண்டு. 2017 முதல் ஐபோன்களிற் பலவற்றில் அமைந்துள்ள முகங்கண்டு திறக்கும் முறை அத்தகைய கைகளுக்கு ஆறுதலாகும். மழைக்காலத்திலே ஈரவிரல் படும்போது இருவகைத் திரைகளும் ஒருங்கே தடுமாறுகின்றன. விரல் தொடும் இடத்தில் நிகழும் மின்னேற்ற மாறுதலைக் கொண்டே திரை தொடுகையை உணர்கின்றது. நீரும் மின்சாரத்தைக் கடத்துமாதலின், துளி எது விரல் எது என்று அதற்குப் புலப்படுவதில்லை. அது தளத்தின் குற்றமன்று. இவ்வாறு கையின் பழக்கத்தால் வருவது, கருவியின் அமைப்பால் வருவது, இயற்கையால் வருவது என மூன்றாகப் பகுத்துக் காண்பவரே முதற்பார்வையின் மயக்கத்திலிருந்து விடுபடுவர்.

அடுத்துத் தோன்றுவது தமிழ் எழுதும் வசதி பற்றிய ஐயம். அன்ட்ரொயிட்டின் தொடக்கக்காலக் கருவிகள் பலவற்றில் தமிழ் எழுத்துகள் வெறுங் கட்டங்களாகவே தோன்றின. அந்நிலை இன்று இல்லை. மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் ஆக்கிய செல்லினம் என்னும் செயலி இருதளங்களிலும் கிடைக்கின்றது. ஐபோனின் தளத்திலேயே தமிழ் விசைப்பலகைகள் 2013இல் வந்த ஏழாம் பதிப்பு முதலாக இடம்பெற்றுள்ளன. அவற்றுள் ஒன்று, 1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழ்நெற் மாநாட்டின் பயனாகத் தமிழ்நாட்டரசு ஏற்ற தமிழ்99 அமைப்பாகும். அவ்வமைப்பில் ககரத்தை அடுத்து உகரத்தைத் தட்டினால் 'கு' தோன்றும். ககரத்தை இருமுறை தட்டினால் முதலெழுத்துத் தானே புள்ளி பெற்று 'க்க' ஆகும். தளம் மாறுபவர், தாம் முன்னர் வழங்கிய அமைப்பு புதிய கருவியில் உண்டா என்பதை முதலிற் பார்த்து அதனையே தெரிந்துகொள்வராயின், விரலின் துன்பம் பாதியாகக் குறையும்.

விசைப்பலகை மாறினும் எழுதிய தமிழ் மாறாதிருத்தல் எவ்வாறு? இதுவே இப்பொருளின் உயிர்நிலை. 1991இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. அதன்படி 'க' என்னும் எழுத்துக்குரிய எண் 2965. எந்நிறுவனத்தின் கருவியாயினும் அவ்வெண்ணைக் கண்டால் ககரத்தையே காட்டும். 'கை' என எழுதும்போது ஐகாரக் குறி கண்ணுக்கு முன்னே தோன்றினும், கருவியின் நினைவில் ககரத்தின் பின்னரே வைக்கப்படுகின்றது. ஒலிக்கும் முறையே வைக்கும் முறையுமாகும். இக்குறியீடு எந்தவொரு நிறுவனத்துக்கும் தனியுடைமை அன்று. ஆதலின் அன்ட்ரொயிட்டில் எழுதிய கடிதம் ஐபோனிலும் தமிழாகவே திறக்கின்றது.

இதன் அருமை, இதற்கு மாறானதை நோக்கும்போதே நன்கு விளங்கும். இலங்கையிலே பெருவழக்காயிருந்த பாமினி எழுத்துருவில், தமிழ் வடிவங்கள் ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் வைக்கப்பட்டன. ஆகவே பாமினியில் அமைத்த வினாத்தாளை அவ்வெழுத்துரு இல்லாத கைத்தொலைபேசியில் திறந்தால், 'தமிழ்' என்னும் சொல்லே ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளாகவும் ஓர் அரைப்புள்ளியாகவும் நிற்கும். தளம் மாறிய முதல் நாளில் இதனைக் காணும் ஆசிரியர், புதிய கருவிக்குத் தமிழ் தெரியாது என்று முடிவு செய்தல் இயல்பு. குற்றம் கருவியினதன்று, பொதுக்குறியீட்டில் எழுதப்படாமையே காரணம்.

இனி, எளிதிற் பெயராத பொருள்கள் உள. விலைகொடுத்து வாங்கிய செயலி, பொதுவாக மற்றத் தளத்துக்கு வாராது; மீண்டும் வாங்குதல் வேண்டும். அன்ட்ரொயிட் கருவிகள் பலவற்றில் உள்ள நினைவக அட்டைக்கு ஐபோனில் இடமே இல்லை. அதிலுள்ள படங்களை முன்னரே வேறிடத்துக்கு மாற்றுதல் வேண்டும். சிம் அட்டையிலுள்ள பெயர்களை ஐபோன் படித்து ஏற்கும். ஆனால் புதிய பெயர்களை அதில் எழுதாது. யாவற்றினும் பெரிது வட்ஸ்அப் உரையாடல். நெடுங்காலம் அன்ட்ரொயிட்டில் அதன் காப்புப்படி கூகிளின் சேமிப்பகத்திலும், ஐபோனில் அப்பிளின் சேமிப்பகத்திலுமாகத் தனித்தனியே கிடந்தது. அன்ட்ரொயிட்டிலிருந்து ஐபோனுக்கு முழு உரையாடலையும் பெயர்க்கும் வழி 2022இலேயே திறக்கப்பட்டது. அதற்கும் புதிய ஐபோன் தொடக்கநிலையில் இருத்தல் வேண்டும். இரு கருவிகளும் மின்னிணைப்பில் இருத்தல் வேண்டும். ஆர்வத்தாற் புதிய கருவியை உடனே வழங்கத் தொடங்கியவர், பின்னர் அதனை வெறுமையாக்கித் தொடக்கத்திலிருந்தே அமைக்க நேரும்.

லயத்து வீட்டுக்கு இது சிறிய செய்தியன்று. எழுத்துப் பழக்கம் குறைந்த முதியோர் வட்ஸ்அப்பிற் குரலாலேயே கடிதம் விடுக்கின்றனர். கடல் கடந்த மகளின் குரலும், மறைந்துபோன தந்தையின் குரலும், பிள்ளை மூன்றாண்டுகளாகப் பெற்ற பாடங்களும் அவ்வொன்றிலேயே அடங்கிக் கிடக்கின்றன. பழைய கருவியை விற்றபின் அவற்றைத் தேடுதல் வீண் முயற்சியாகும். பழைய ஐபோனைப் பெறுவோர்க்கு மற்றோர் இடரும் உண்டு. 2013 முதலாக, முந்திய உரிமையாளர் தம் கணக்கை நீக்காது கருவியை வெறுமையாக்கினால், அது அவருடைய கடவுச்சொல்லைக் கேட்டுப் பூட்டியே நிற்கும். அன்ட்ரொயிட்டிலும் 2015 முதல் இதையொத்த காவல் அமைந்தது. களவைத் தடுக்கும் நல்லேற்பாடே அது. எனினும் கொடுப்பவரின் மறதியால் பெறுபவருக்கு விலங்காகின்றது.

மலையக வரலாற்றை அறிந்தோர்க்கு இவ்விடத்தே ஒரு பழைய ஏற்பாடு நினைவுக்கு வரும். முற்பணத்தாற் கடன்பட்ட தொழிலாளர் ஒரு தோட்டத்தை விட்டு மற்றொரு தோட்டத்திற் சேர வேண்டுமாயின், கடன் தீர்ந்தால் விடுவிப்பதாகத் துரை எழுதிக் கொடுக்கும் 'துண்டு' வேண்டப்பட்டது. கால்கள் நடக்க வல்லனவாயினும் துண்டு இன்றி வழி திறவாது. 1921ஆம் ஆண்டுச் சட்டத்தால் அம்முறை ஒழிந்தது. மனித வாழ்வைக் கட்டிய அக்கொடுமையையும் ஒரு கருவியின் கட்டுப்பாட்டையும் ஒன்றென வைத்தல் தகாது. ஆயினும் இரண்டிலும் ஓர் உண்மை பொதுவாக விளங்குகின்றது: புகும் வாயில் அகலமாயிருத்தல் மட்டும் போதாது, வெளியேறும் வாயில் யார் கையில் உள்ளது என்பதையும் நோக்குதல் வேண்டும்.

அவ்வாயில் தானாகத் திறப்பதில்லை. பொதுவிதி ஒன்று ஏற்படும்போதே திறக்கின்றது. ஐபோனுக்கெனத் தனிவகை மின்னேற்றி வழங்கிய நிலை, ஐரோப்பிய ஒன்றியம் பொது மின்னேற்றியை வேண்டிச் சட்டம் இயற்றியபின் மாறியது. 2023இல் வந்த ஐபோன் 15 முதலாக அப்பொதுவகைத் துளையே அமைந்தது. அச்சட்டம் 2024 டிசம்பர் 28இல் நடைமுறைக்கு வந்தது. அதன் பயனாக, ஒரே மின்னேற்றியைக் கொண்டு வீட்டிலுள்ள இருதளத்துக் கருவிகளுக்கும் மின்னேற்ற இயலுகின்றது. தமிழுக்கு ஒருங்குறி செய்ததும் இத்தகைய தொண்டே.

ஆகவே தளம் மாறுவோர் முதற்கிழமையின் வெறுப்பையோ வியப்பையோ தீர்ப்பாகக் கொள்ளாதிருப்பாராக. விரலுக்குக் காலம் கொடுத்தல் வேண்டும். பழைய கருவியைக் கைவிடுமுன், பெயர்களும் படங்களும் குரல்களும் புதியதில் வந்து சேர்ந்தனவா என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்தல் வேண்டும். கொடுப்பவரும் தம் கணக்கை நீக்கியே கொடுத்தல் வேண்டும். ஆசிரியர்கள் பாடக்குறிப்புகளையும் வினாத்தாள்களையும் ஒருங்குறியிலேயே அமைப்பாராயின், மாணவன் கையில் உள்ளது எத்தளமாயினும் பாடம் அவனைச் சென்றடையும். கருவிகள் மாறும், தளங்கள் தோன்றி மறையும். ஆனால் தாயின் குரலும் தமிழின் எழுத்தும் அவற்றோடு மறைந்துபோகாவண்ணம் காத்தல் கருவி செய்வார் கடமை மட்டுமன்று, அதனை வழங்குவார் கடமையுமாகும்.