குறும்படம் போடவா?

ராத்திரி ஒன்பதரை மணி. ஹாஸ்டல்ல ஸ்டடி அவர்னு பேரு. ஆனா மூணாவது மாடில ஒரு லேப்டாப்பைச் சுத்திப் பன்னிரண்டு தலைகள். "இந்த வாரம் இவங்க வெளிய போகணும்டா", "அவன் சேஃப் கேம் ஆடுறான்" என்று ஆளாளுக்குத் தீர்ப்பு. பிக்பாஸ் ஓடிக்கிட்டிருக்கு.

அந்தப் பன்னிரண்டு பேர்ல நானும் ஒருத்தன். அதனால "டிவி பார்த்தா கெட்டுப்போவீங்க" என்று அறிவுரை சொல்ல இதை எழுதவில்லை. அந்த ஷோ எப்படி வேலை செய்கிறது, நமக்கு என்ன பழக்கத்தைக் கொடுத்திருக்கிறது என்று கொஞ்சம் கழற்றிப் பார்ப்போம். கழற்றிப் பார்க்கிறதுதானே நம்ம படிப்பு!

சண்டை எங்கிருந்து வருது?

இந்த ஷோவோட மூலம் 1999-ல் நெதர்லாந்தில் தொடங்கிய 'பிக் பிரதர்'. ஜார்ஜ் ஆர்வெல் 1949-ல் வெளியிட்ட '1984' நாவலில், மக்களை எந்நேரமும் கண்காணிக்கும் தலைவனின் பெயர் அது. இந்தியில் 2006-லும், கமல்ஹாசன் தொகுத்து வழங்க விஜய் டிவியில் 2017 ஜூன் மாதத்திலும் நம்ம ஊருக்கு வந்தது.

வீட்டுக்குள்ள போன் கிடையாது, செய்தித்தாள் கிடையாது, மணி பார்க்கக் கடிகாரம்கூட கிடையாது. வாராவாரம் நாமினேஷன் வேற. கூட உட்கார்ந்து சாப்பிட்டவர் பெயரையே காரணத்தோடு சொல்லியாக வேண்டும். சண்டையே வேண்டாம்னு உள்ளே போனவரும் ஏதாவது குறை தேடித்தான் ஆகணும். ஒரு பீம் மேல லோடு ஏத்திக்கிட்டே போனா எங்கேயாவது விரிசல் விழும். விழுந்ததும் நாம "மெட்டீரியல் சரியில்ல" என்கிறோம். லோடைப் பற்றி யாரும் பேசறதில்ல.

அடுத்தது எடிட்டிங். ஒரு நாளைக்கு 1440 நிமிஷம். நாம பார்க்கிற எபிசோட் சுமார் 60 நிமிஷம். அதாவது 24-ல் ஒரு பங்கு. சிக்னல்ஸ் பேப்பர் எழுதினவங்களுக்கு நைக்விஸ்ட் ஞாபகம் இருக்கும். தேவையான அளவு சாம்பிள் எடுக்கலைன்னா, இல்லாத ஒரு சிக்னல் இருக்கிற மாதிரி தெரியும். வீடியோவில் கார் சக்கரம் பின்னாடி சுத்துற மாதிரி தெரியுமே, அதேதான். இங்கே சாம்பிளும் சீரான இடைவெளியில் எடுக்கப்படுவதில்லை. ஒருத்தர் நாள் முழுக்கச் சமைச்சு, பாத்திரம் கழுவி, பத்து நிமிஷம் கத்தியிருந்தா, நமக்கு வர்றது பெரும்பாலும் அந்தப் பத்து நிமிஷம்தான். வேறு வேறு நேரத்தில் பேசியதை ஒட்டி ஒரே வாக்கியமாக்குவதற்கு உலக ரியாலிட்டி ஷோ உலகத்தில் 'ஃப்ராங்கன்பைட்' என்று பெயரே இருக்கிறது.

அப்புறம் நமக்கு ஏன் இவ்வளவு கோபம்?

டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1956-லேயே இதைப் பற்றி எழுதினார்கள். திரையில் தினமும் பார்க்கிற ஒருத்தரை நமக்கு நெருக்கமானவராக மனசு எடுத்துக்கொள்கிறது. அவருக்கோ நாம இருப்பதே தெரியாது. இந்த ஒருபக்க உறவுக்கு ஓட்டுரிமையும் கொடுத்தால் என்ன ஆகும்? முதல் சீசன்ல கூகுள்ல தேடியே ஓட்டுப் போட்டோம். 'ஓவியா ஆர்மி' உருவானது. அதற்குப் பிறகு ஆர்மி இல்லாத போட்டியாளர் அபூர்வம்.

அதே சீசன்ல இன்னொன்றும் நடந்தது. 2017 ஜனவரியில் மெரினா ஜல்லிக்கட்டுப் போராட்டத்தில் கோஷம் போட்ட ஜூலியைத் தமிழ்நாடே கொண்டாடியது. ஆறே மாசத்தில், அவரும் ஓவியாவும் மோதிய விஷயத்தில் கமல் ஒரு 'குறும்படம்' போட்டார். உண்மையைக் காட்டும் பதிவு என்று கைதட்டினோம். பிறகு இணையத்தில் அவர் வாங்கிய திட்டுக்கு அளவே இல்லை. ஒரு சின்னப் பொய்க்கு அவ்வளவு பெரிய தண்டனையா என்று அப்போ யாரும் கேட்கல.

குறும்படம் என்ற வார்த்தை டிவியோடு நிற்கவில்லை. ஹாஸ்டலுக்கும் வந்துவிட்டது.

போன வருஷம் எங்க கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்பில் இருபது செகண்ட் வீடியோ ஒன்று வந்தது. எங்க கிளாஸ் பையன் ஒருத்தன் மெஸ்ல பரிமாறுற அண்ணாகிட்ட கத்துறான். கீழே 'குறும்படம்' என்று ஒரே வார்த்தை. அரை மணி நேரத்தில் மீம் வந்தது. "இவனை எவிக்ட் பண்ணலாமா?" என்று ஒருத்தன் போல் போட்டான். நானும் 'ஆமாம்' அமுக்கினேன். விளையாட்டுக்குத்தான்.

நாலு நாள் அவன் மெஸ்ஸுக்கே வரவில்லை. அப்புறம் அவன் ரூம்மேட் சொல்லித்தான் விஷயம் தெரிந்தது. ரூம்மேட்டுக்குக் காய்ச்சல். மேலே எடுத்துட்டுப் போகக் கஞ்சி கேட்டு மூணு தடவை கீழே வந்திருக்கிறான். மூணு தடவையும் 'ரூமுக்குக் கொடுக்கக் கூடாது'ன்னு பதில். மூணாவது தடவைதான் கத்தியிருக்கிறான். கத்தினது தப்புதான். ஆனா அன்னைக்கு ராத்திரியே அந்த அண்ணாகிட்ட மன்னிப்பும் கேட்டிருக்கிறான், வீடியோ குரூப்புக்கு வர்றதுக்கு முன்னாடியே. அதை யாரும் படம் எடுக்கல.

பிக்பாஸ் வீட்டுக்குள் போகிறவங்க ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு, சம்பளம் வாங்கிக்கொண்டுதான் போறாங்க. வெளியே வந்தா பேட்டி, படவாய்ப்பு என்று ஏதாவது இருக்கும். இவன் எதிலும் கையெழுத்துப் போடல. அடுத்த நாள் காலைல முதல் பீரியடுக்கு, ஓட்டுப் போட்ட எங்க நடுவுலதான் வந்து உட்காரணும்.

ஷோ பாருங்க, நானும் பார்க்கிறேன். ஆனா அடுத்த தடவை குரூப்பில் ஒரு கிளிப் வந்தா, ஃபார்வர்ட் பண்றதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேளுங்க. இதுக்கு முன்னாடி என்ன நடந்தது? இதை வெட்டினது யாரு? இதுல இருக்கிறவன்கிட்ட யாராவது பேசினாங்களா?

மூணாவது கேள்வியை நான் ரொம்ப லேட்டாத்தான் கேட்டேன். ஒரு வாரம் கழித்து அவன் ரூமுக்குப் போய், "நானும் ஓட்டுப் போட்டேன்டா, சாரி" என்றேன்.

"தெரியும்டா. போல்ல யார் யார் அமுக்கினாங்கன்னு பேரு காட்டும்ல" என்றான்.