வாலின் வேலையை யார் பார்ப்பது?

டீயைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு கேள்வியிலிருந்து தொடங்கலாம். விமானத்துக்கு வால் எதற்கு?

திசை திருப்பத்தான் என்று சட்டென்று தோன்றும். அதைவிடப் பெரிய வேலை ஒன்று இருக்கிறது. வழக்கமான வளைவு கொண்ட இறக்கையைத் தனியாக எறிந்தால் குட்டிக்கரணம் போட்டு விழும். வாலிலுள்ள குட்டி இறக்கைதான் பின்பக்கத்தைக் கீழே அழுத்தி மூக்கைத் தூக்கிப் பிடிக்கிறது. கிணற்று ஏற்றத்தைப் போலத்தான்: கோல் நீளமாக இருந்தால் நுனியில் சிறு பாரம் போதும்.

வாலை எடுத்துவிட்டால் அந்த வேலை இறக்கையின் தலையில் விழுகிறது. அதைச் செய்ய இரண்டு வழிகள் உண்டு. 1930-களில் ஜெர்மனியின் ஹோர்டன் சகோதரர்கள் இறக்கையைப் பின்னோக்கிச் சாய்த்து, நுனிகளை மெல்ல முறுக்கினார்கள். பின்தள்ளி நிற்கும் நுனிகளே வாலாகிவிடும். அழகான வழிதான்; ஆனால் இரண்டு பக்கமும் முறுக்கு ஒரே அளவில் அமைய வேண்டும். வீட்டில் செய்பவருக்கு அது பெரும்பாடு.

பிரான்சின் சார்ல் ஃபோவெல் நேரான இறக்கையையே வைத்துக்கொண்டு, அதன் பின்விளிம்பைச் சற்று மேல்நோக்கி வளைத்தார். 1951-இல் பறந்த அவருடைய ஏ.வி.36 கிளைடரின் இறக்கை சுமார் 12 மீட்டர் நீளம். மூக்கைக் கழற்றி, பின்னாலுள்ள சுக்கான்களை மடக்கினால் டிரெய்லரில் ஏற்றிவிடலாம். வரைபடம் வாங்கித் தாங்களே செய்துகொண்டவர்களும் உண்டு.

அந்த வழியை ஒரு மாடலில் பார்ப்போம். ஃபோம் ஷீட்டில் 90 செ.மீ. நீளம், 20 செ.மீ. அகலம் கொண்ட நேரான இறக்கை. வளையாமலிருக்க நீளவாக்கில் ஒரு குச்சி. பின்விளிம்பில் கடைசி 4 செ.மீ. பட்டையை, ஓரம் 3 மில்லிமீட்டர் உயரும்படி மடியுங்கள். நுனிகளில் நிமிர்ந்த அட்டைத் துடுப்பு ஒவ்வொன்று. அவை நேராகப் போக உதவும்.

இனிதான் முக்கியமான இடம். மூக்கு நிமிரும்போது கூடும் தூக்குவிசை, அகலத்தில் கால்பங்கில், அதாவது முன்விளிம்பிலிருந்து 5 செ.மீ.யில் செயல்படும். எடை மையம் அதற்கு முன்னால் இருந்தால்தான் நிமிர்ந்த மூக்கு தானே இறங்கும். 4 செ.மீ.யில் வையுங்கள். அந்த ஒரு சென்டிமீட்டர்தான் முழுப் பாதுகாப்பும்.

இறக்கை 60 கிராம், அது நடுவில், 10 செ.மீ.யில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். நாம் விரும்பும் புள்ளிக்கு அது 6 செ.மீ. பின்னால், 60-ஐ 6-ஆல் பெருக்கினால் 360. முன்விளிம்பைத் தாண்டி 6 செ.மீ. நீளும் மூக்குக் குச்சியின் நுனி அந்தப் புள்ளிக்கு 10 செ.மீ. முன்னால். ஆக அங்கே 36 கிராம் வேண்டும். மூக்கைக் குட்டையாக்கினால் எடை ஏறிக்கொண்டே போகும்.

பையில் எடுத்துச் செல்ல இறக்கையை இரண்டு பாதியாக வெட்டி, நடுவில் ஒரு கார்பன் கம்பியைச் செருகி, ரப்பர் பேண்டால் இறுக்கலாம். கழற்றும் பாகம் குறையக் குறைய, ஒவ்வொரு முறை பூட்டும்போதும் அளவு மாறாமலிருக்கும்.

புல்தரையில் மெல்ல எறிந்து பாருங்கள். குப்புற விழுந்தால் பின்விளிம்பை ஒரு மில்லிமீட்டர் உயர்த்துங்கள். ஏறி நின்று சரிந்தால் அதைச் சற்றுத் தாழ்த்துங்கள். கடல் அலைபோல் ஏறி இறங்கிக்கொண்டே போனாலும் அதே வைத்தியம்தான். ஆனால் எறிதலுக்கு ஒரு மாற்றம் மட்டுமே. இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது பலித்தது என்று தெரியாமலே போய்விடும்.